கோர்ட் கலையும் வரை

"பயந்த மாதிரி நின்னாப் போதும்யா. பாதி கேஸ் அதுலயே முடிஞ்சிரும்."

இதை என்கிட்ட யாரும் சொல்லல அக்கா. இன்னைக்குக் காலையில ஹைகோர்ட்டுக்கு வெளிய டீக்கடையில ஒரு வக்கீல் இன்னொரு வக்கீல்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தார். வடையைப் பிய்ச்சுக்கிட்டே சொன்னார். என் காதுல விழுந்துச்சு. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ஏன்னா நான் மாதிரியெல்லாம் நிக்கல, நிஜமாவே பயந்துபோய்தான் நின்னேன். அப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்னு நினைச்சேன்.

கொஞ்சம் மெல்லப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. முன்னால பாருங்க. டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, வெள்ளைச் சட்டை. அவர்தான் எங்க சார். திருமலைக்குமார் சார். எங்க பேரூராட்சிக்குச் செயல் அலுவலர். இ.ஓ.ன்னு சொல்வாங்க. அவர் பக்கத்து இடம் மாட்டுத்தாவணியிலிருந்து காலியாவே வருது பாருங்க. அந்த முகத்தைப் பார்த்துட்டு யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க. நானும் உட்காரல. உட்காருன்னு அவர் சொல்லல. கோர்ட்டை விட்டு வெளிய வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசல அக்கா. திட்டிட்டார்னா தேவல.

நான் யார்கிட்டயும் இவ்வளவு பேசினதே இல்ல. நீங்க கோவில்பட்டில இறங்கிப் போயிருவீங்க, இனிமே என்னைப் பார்க்கப் போறதில்ல. அதான்.

என் பேரு மாரிச்செல்வி. பி.எஸ்சி. கணக்கு முடிச்சிருக்கேன். அப்பா எங்க பேரூராட்சியிலயே வரி வசூல் பார்த்தார். வேலையில இருக்கும்போதே இறந்துட்டார். கருணை அடிப்படையில அந்த ஆபீஸ்லயே எனக்கு இளநிலை உதவியாளர் வேலை போட்டுக் கொடுத்தாங்க. இன்னும் நிரந்தரம் ஆகல. சார் ஒரு வரி எதிரா எழுதினார்னா போச்சு. வீட்ல அம்மா மட்டும்தான். இன்னைக்குக் காலையிலகூட, "சார் பின்னாலயே நில்லு, வாயைத் திறக்காத"ன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. வாயைத் திறக்காம இருக்கிறது எனக்குப் புதுசா என்ன? ஸ்கூல்ல இருந்து அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன். இன்னைக்குப் பார்த்து...

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன்.

எங்க ஊர்ல ஒரு சந்து இருக்கு. பொதுச் சந்து. அதுக்குள்ள கடைசி வீடு செண்பகவல்லி அக்கா வீடு. அவங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் போகணும். சந்துக்கு நடுவுல தவசிலிங்கம் அண்ணன் மாடிப்படி கட்டிட்டார். வீட்டுக்குள்ள கட்டினா ஒரு ரூம் வீணாப் போகுதேன்னு வெளிய கட்டிட்டார். கவுன்சிலருக்கு மச்சினன் அவர். ரொம்ப நல்ல மனுஷன் அக்கா. ஆபீஸ்ல யாருக்கு என்னன்னாலும் அவர் கார்தான் வரும். படிக்கட்டு வந்த பிறகு ஆட்டோ உள்ள போக முடியல. அதனால அந்த அக்கா வீட்டுக்காரரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வச்சு ரோடு வரைக்கும் தூக்கிட்டு வருவாங்க. செண்பகவல்லி அக்கா ஒரு பக்கம், கொழுந்தனார் ஒரு பக்கம்.

அந்த அக்கா மனு கொடுத்துப் பார்த்தாங்க, ஆபீஸ் வாசல்ல நின்னு பார்த்தாங்க, அப்புறம் மதுரைக்குப் போய் கேஸ் போட்டுட்டாங்க. படிக்கட்டை எடுக்கணும்னு ஆர்டரும் வாங்கிட்டு வந்துட்டாங்க. ஆர்டர் எங்க ஆபீஸுக்கு வந்துச்சு. நான்தான் பதிவு பண்ணி உள்ள வச்சேன். சார் படிச்சுட்டு, "ம்"னார். அவ்வளவுதான். கெடு முடிஞ்சுது. ஒண்ணும் நடக்கல. அப்புறம் கோர்ட் அவமதிப்புன்னு நோட்டீஸ் வந்துச்சு. சார் நேர்ல ஆஜராகணும்னு.

நான் அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. சாரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுருவாங்கன்னு நினைச்சேன். எங்க தலைமை எழுத்தர் மாடக்கண்ணு சார்தான் சிரிச்சார். "ஏ பிள்ள, எத்தனை கண்டெம்ப்ட் பார்த்திருக்கேன் நான். யாரும் உள்ள போனதில்ல. ஆர்டருக்கு யாரு வேலை பார்க்கா? ஆஜர் தேதி வரட்டும். அதுக்கு முந்துன நாள் ஜேசிபியைக் கூப்பிடு, கொஞ்சம் இடி, போட்டோ எடு. உத்தரவை நிறைவேத்திட்டோம்னு ஒரு அறிக்கை, நிபந்தனை இல்லாத மன்னிப்பு ஒரு பிரமாணப் பத்திரம். ஜட்ஜ் நாலு வார்த்தை திட்டுவார். தலையைக் குனிஞ்சுக்கணும். முடிச்சு வைக்கப்பட்டதுன்னு போட்டுருவாங்க. வர்ற வழியில திருமங்கலத்துல பரோட்டா சாப்பிட்டுட்டு வந்துரலாம்."

அதிகபட்சம் என்ன சார் பண்ணுவாங்கன்னு கேட்டேன். "சட்டத்துல ஆறு மாசம் வரைக்கும் இருக்கு. அது ஏட்டுல. ரொம்பக் கோபம் வந்தா அபராதம் போடுவாங்க. அதுக்கும் மேல கோபம் வந்தா, கோர்ட் கலையுற வரைக்கும் உட்காருன்னு உட்கார வச்சிருவாங்க. அதுவும் தண்டனைதான். சர்வீஸ் புக்ல ஏறும்"னார். எனக்கு அது ஒண்ணும் பெரிசாத் தெரியல. உட்கார்றதுதானேன்னு நினைச்சேன்.

நேத்து மதியம் ஜேசிபி வந்துச்சு. தவசிலிங்கம் அண்ணனே நின்னு வழி காட்டினார். கீழ்ப் படி ஒண்ணையும் பக்கத்துல இருந்த துணி துவைக்கிற கல்லையும் இடிச்சாங்க. மிச்சப் படிக்கட்டு அப்படியே நிக்குது. அண்ணன் எல்லாருக்கும் கலர் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். பன்னீர் சோடா. பாருங்க, தன் வீட்டை இடிக்க வந்தவங்களுக்கு யாராவது கலர் வாங்கிக் கொடுப்பாங்களா?

போட்டோ எடுக்க என்னைச் சொன்னாங்க. என் போன்ல ஜிபிஎஸ் கேமரா இருக்கு. இடம், தேதி, நேரம் எல்லாம் போட்டோவுலயே விழும், அது இருந்தாத்தான் கோர்ட்ல ஏத்துக்குவாங்க. சார் என்னைக் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்துல நிக்கச் சொன்னார். "கொஞ்சம் குனிஞ்சு எடும்மா. இன்னும் வலது பக்கமா." அப்படிக் குனிஞ்சா படிக்கட்டு தெரியாது. சந்து தேரோடுற தெரு மாதிரி அகலமாத் தெரியும்.

எடுத்துக்கிட்டிருக்கும்போதே செண்பகவல்லி அக்கா வீட்டுக்காரரைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. மறுநாள் டயாலிசிஸுக்கு ரத்தம் டெஸ்ட் கொடுத்துட்டு வர்ற நேரம். "அவங்க போகட்டும், அப்புறம் எடு"ன்னார் சார். நான் நிறுத்திட்டேன்னுதான் நினைச்சேன். கை தானா அழுத்திருச்சு போல. அவங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்தது இருக்கு, வரும்போது எடுத்தது இருக்கு, போன பிறகு எடுத்தது இருக்கு. எல்லாரும் கிளம்பின பிறகு சும்மா சந்துக்கு அந்தப் பக்கம் போய் படிக்கட்டையும் ஒண்ணு எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு கேட்காதீங்க. சும்மா.

ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட நான்தான் போனேன். கடைக்கார அண்ணன் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு, "எதும்மா?"ன்னார். நான் ஒண்ணைக் காட்டினேன். அதுல வெளிச்சம் நல்லா இருந்துச்சு.

சத்தியமா நான் சரியாப் பார்க்கல அக்கா. இடது ஓரத்துல, நீல நாற்காலி. ஒரு பக்கமாச் சாய்ஞ்சு, அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருக்கார். கால் வீங்கியிருக்கு. ஒரு கால்ல செருப்பு இருக்கு, இன்னொண்ணு செண்பகவல்லி அக்கா இடுப்புல சொருகியிருக்காங்க. அவங்க கொழுந்தனார் முகம் தெரியாது, முதுகுதான். அவ்வளவு சின்னதாத் தெரியறதை நான் எங்க பார்த்தேன்? சாரும் பார்க்கல. வாங்கிப் பார்த்தார். கீழ தேதி சரியா இருக்கா, இடம் சரியா இருக்கான்னுதான் பார்த்தார். ரெண்டும் சரியா இருந்துச்சு.

காலையில தவசிலிங்கம் அண்ணன் கார்லதான் போனோம். அண்ணனே ஓட்டினார். வழியெல்லாம் சாருக்குச் சொல்லிக்கிட்டே வந்தார். "மோதிரத்தைக் கழட்டிருங்க சார். வாட்சையும் கழட்டிருங்க. பேனா வேண்டாம். ஜட்ஜுக்குப் பாவமாத் தெரியணும்." சார் கார்க் கண்ணாடியில முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்தார். மோதிரமும் வாட்சும் என் கைப்பையிலதான் இருக்கு. இன்னும் கேட்கல.

உள்ள போனதும் சார் பேரைக் கூப்பிட்டாங்க. செண்பகவல்லி அக்கா அவங்க வக்கீலுக்குப் பின்னால நின்னாங்க. சார் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். நிஜமா, பார்க்கப் பாவமாத்தான் இருந்துச்சு. அரசு வக்கீல் எழுந்து, உத்தரவு நிறைவேத்தியாச்சு, மன்னிப்பும் கேட்டாச்சுன்னார். எனக்கு மூச்சு வந்துச்சு. முடிச்சு வைக்கப்பட்டதுன்னு சொல்லப் போறாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.

நீதிபதி போட்டோவைப் பார்த்தார். வச்சுட்டார். மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"இந்த நாற்காலி ஏன் சாய்ஞ்சிருக்கு?"ன்னு கேட்டார்.

தமிழ்லயே கேட்டார் அக்கா. யாருக்கும் புரியல. அரசு வக்கீல் போட்டோவோட நகலைப் புரட்டறார், அது கறுப்பா விழுந்திருக்கு. "சந்து அகலமா இருக்கு. ஒரு ஆளை ஏன் சாய்ச்சுத் தூக்கிட்டுப் போறாங்க? இடிக்கும்னுதானே? எது இடிக்கும்?" அப்படின்னார். சார், "இப்ப ஆட்டோவே போகும் மை லார்ட்"னார். "அப்புறம் ஏன் நாற்காலி?"ன்னார் அவர். "இதை எடுத்தது யாரு?"

சார் திரும்பி என்னைக் காட்டினார்.

முன்னால வரச் சொன்னாங்க. எப்படிப் போனேன்னு தெரியல. "பயப்படாதம்மா. நீதானே அங்க நின்னு எடுத்தே. அந்தச் சந்துல ஆட்டோ போகுமா?" வாயைத் திறக்காதன்னு அம்மா சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா அவ்வளவு பெரிய மனுஷன் கேட்கும்போது எப்படிப் பேசாம நிக்கிறது? சாருக்கு எதிரா ஒரு வார்த்தை வந்துரக் கூடாதுன்னும் பயம். அதனால போகாதுன்னு நான் சொல்லவே இல்ல. சாருக்கு நல்லதாத்தான் சொன்னேன்.

"நாற்காலி போகும் ஐயா"ன்னேன்.

யாரோ பின்னால சிரிச்சாங்க. நீதிபதி சிரிக்கல. சார் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார்: "இந்த மன்னிப்பு மனசுல இருந்து கேட்டது இல்ல, இந்த போட்டோவைக் காட்டித் தப்பிக்கக் கேட்டது. அபராதம் கட்டுங்க. கோர்ட் கலையுற வரைக்கும் அங்க உட்காருங்க. அடுத்த வாய்தாவுக்கு ரெண்டு பக்கமிருந்தும் போட்டோ வரணும்."

பின்னால செவத்தோரம் ஒரு பெஞ்சு. சார் போய் உட்கார்ந்தார். உட்கார்றதுதானேன்னு நினைச்சேன்னு சொன்னேன்ல? அப்படி இல்ல அக்கா. போற வர்ற வக்கீல் எல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுப் போறாங்க. போன் இல்ல, பேச்சு இல்ல. கால் மேல கால் போடக் கூடாது. எங்க ஆபீஸ்ல சார் அறைக்குப் போனா யாரும் உட்கார முடியாது, நிக்கணும். அந்தச் சார் அங்க கையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நான் வராண்டாவுல நின்னு கதவு இடுக்கு வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

மதியம் நீதிபதி எழுந்தார். எல்லாரும் எழுந்து வணங்கினாங்க. சாரும் எழுந்து, அப்பாடான்னு வாசலுக்கு வந்துட்டார். கோர்ட் ஊழியர் ஒருத்தர் கையை நீட்டி மறிச்சார். "எங்க சார் போறீங்க? இது கலையுறது இல்ல. சாப்பாட்டு நேரம். போய் உட்காருங்க." ஆளில்லாத கோர்ட்ல சார் திரும்பிப் போய் அதே பெஞ்சுல உட்கார்ந்தார். என் டிபன் டப்பாவுல லெமன் சாதம் இருந்துச்சு. கொடுக்கலாமா கூடாதான்னு கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரல. சிரிக்காதீங்க அக்கா.

தவசிலிங்கம் அண்ணனை அப்புறம் காணோம். காரையும் காணோம். ஏதோ அவசர வேலையாப் போயிருப்பார்.

மாடக்கண்ணு சார்தான் போன் பண்ணினார். அதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. "என்ன காரியம் பண்ணி வச்சிருக்க நீ? நாற்காலி இல்லாத போட்டோ இல்லையா உன்கிட்ட?"ன்னார். இருக்கு சார்னேன். "அட கூறு கெட்ட பிள்ள! அப்ப வேணும்னே பண்ணேன்னுல்ல ஆகும்? எல்லாத்தையும் அழிச்சிரு. ஒண்ணுதான் எடுத்தேன், கவனிக்கலன்னு சொல்லு. சார் நாளைக்கு விளக்கம் கேட்பார். பதினேழு பி கொடுத்தார்னா உங்கப்பன் வேலை உங்கப்பனோட போச்சு."

பதினேழு பின்னா பெரிய தண்டனைக்குக் கொடுக்கிற குற்றச்சாட்டு அக்கா. அதைக் கேட்டதிலிருந்து போனைக் கையிலயே வச்சிருக்கேன். அழிக்கணும். ஒரு தடவை அழுத்தினாப் போயிரும். மாட்டுத்தாவணியில நினைச்சேன், திருமங்கலத்துல நினைச்சேன். இந்தா, விருதுநகர் வந்துருச்சு. அழிச்சிரவா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அழிச்சிருவேன்.

ஐயோ.

அக்கா, முன்வாசல்ல ஏறுறாங்க பாருங்க. பச்சைச் சேலை. செண்பகவல்லி அக்கா. கோர்ட்லயிருந்து முன்னாடியே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க போல. வீட்டுக்காரரைக் கைத்தாங்கலா ஏத்துறாங்க. கொழுந்தனார் கையில அந்த நாற்காலி. கண்டக்டர் வாங்கி மேல வைக்கிறார். இடம் தேடுறாங்க. வேற இடமே இல்ல அக்கா. அந்த ஒரு இடம்தான் இருக்கு.

பார்த்துட்டாங்க.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க சார். அவருக்கு ஜன்னல் காத்து வேணும்." கேட்டுச்சா? பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்றாங்க. சார் எழுந்துட்டார். வழி விடுறார். அவர் உள்ள போய் உட்கார்ந்தாச்சு. சார் யாருன்னு அவருக்குத் தெரியாது. இத்தனை நாளா அவர் கட்டிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தானே போய்ட்டு வந்தார், ஆபீஸ் பக்கம் வந்ததே இல்ல. செண்பகவல்லி அக்கா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்னைப் பார்த்தாங்க. சிரிக்கவும் இல்ல, முறைக்கவும் இல்ல. நான் குனிஞ்சுக்கிட்டேன்.

டயாலிசிஸ் முடிஞ்சா அப்படித்தான் துவண்டு போயிருவாங்களாம். பாருங்க, தூங்கிட்டார். தலை ஜன்னல் பக்கம் போகுது... இந்தப் பக்கம் சாயுது. சார் தோள்ல விழுந்துருச்சு. சார் வெள்ளைச் சட்டை. தட்டி விடுவார் பாருங்க. ஆபீஸ்ல ஒரு கப் டீ சிந்தினதுக்கு... தட்டி விடல. அப்படியே நேராப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கோர்ட்ல உட்கார்ந்த மாதிரியே.

சார் திரும்புறார்.

அக்கா, என்னையா கூப்பிடுறார்? விரலால கூப்பிடுறார். என்னைத்தான். என் டிபன் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. ஐயோ, நான் இன்னும் அழிக்கல.

*

வந்துட்டேன். தண்ணி இருக்கா அக்கா? ஒரு மடக்கு.

"போனைக் கொடு"ன்னார். அவ்வளவு மெதுவா அவர் பேசி நான் கேட்டதே இல்ல. அந்த ஆள் முழிச்சுரக் கூடாதேன்னு மெதுவாச் சொன்னார். கொடுத்துட்டேன். வாட்சையும் மோதிரத்தையும் நீட்டினேன், வாங்கல. ஒத்தைக் கையால ஒவ்வொண்ணாத் தள்ளிப் பார்த்தார். காலியான சந்து. காலியான சந்து. நாற்காலி. மறுபடியும் காலியான சந்து. எல்லாத்தையும் பார்த்துட்டார் அக்கா. கடைசியா அந்தப் படிக்கட்டு வந்துச்சு. அதைப் பெரிசாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதை யாரு எடுக்கச் சொன்னா?"

யாரும் சொல்லல சார்னேன்.

"போய் உட்காரு."

போனைத் திருப்பித் தரல. இதோ, இன்னும் அவர் மடியிலதான் இருக்கு. திரை வெளிச்சம் தெரியுது பாருங்க. அழிக்கிறாரா, யாருக்காவது அனுப்புறாரா, இங்கயிருந்து ஒண்ணும் தெரியல. நாளைக்கு நான் ஆபீஸுக்குப் போகணுமா வேண்டாமா? அம்மாகிட்ட என்ன சொல்றது?

சாத்தூர் வந்துருச்சு. சார் வீடு இங்கதான், எங்க ஊர் இன்னும் தள்ளி. சாத்தூருக்குத்தான் டிக்கெட் எடுத்தார், நான் பார்த்தேன். இறங்கிப் போயிருவார். போனோட போயிருவார். நான் எழுந்து கேட்கணும். எழுந்திருக்க முடியலயே அக்கா.

"சாத்தூர், சாத்தூர்! சார், நீங்க சாத்தூர்தானே? இறங்கலையா?"

சார் கண்டக்டரைப் பார்த்து உதட்டுல விரலை வைக்கிறார். தோளை அசைக்கல. தன் சட்டைப் பையைக் கண்ணால காட்டுறார். கண்டக்டர் குனிஞ்சு அவரே அதுலயிருந்து ரூபாயை எடுக்கிறார். எங்க ஊர்ப் பேரைச் சொல்லி, சார் ஒரு டிக்கெட் கேட்கிறார்.